நாற்பது கையெழுத்து

கண்டி வாவிக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த ஹோட்டல் மண்டபத்தின் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள் ஞானேஸ்வரி. வருகிறவர்களுக்கு ஒரு ஃபைல், ஒரு பேனை, ஒரு தண்ணீர்ப் போத்தல். அதற்கு முன்னால் ஒரு கையெழுத்து. நம் ஆட்களுக்குக் கூட்டம் புதிதா என்ன? பெயர், அடையாள அட்டை இலக்கம், போன் நம்பர், கையெழுத்து எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிட்டு, ஃபேனுக்குக் கீழே கதிரை பிடிக்க ஓடுவார்கள்.

அந்தப் பழக்கத்தை நம்பித்தான் அன்றைய காரியமே நடந்தது. தாளின் உச்சியில் ஆங்கிலத்தில் மூன்று வரி இருந்தது. தேசியத் திறன் அபிவிருத்தித் திட்டம் பற்றி எங்களிடம் கருத்துக் கேட்டார்கள், அதன் பரிந்துரைகளுக்கு நாங்கள் சம்மதிக்கிறோம் என்பது அதன் பொருள். தாளைச் செருகியிருந்த அட்டையின் இரும்புக் கிளிப் அந்த மூன்று வரியையும் மறைத்திருந்தது. கிளிப்பைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பூட்டியவள் ஞானேஸ்வரிதான்.

அப்படிச் செய்யச் சொன்னவர் திட்டப் பொறுப்பாளர் ரவிகுமார். "அறிக்கை எழுதி ரெண்டு மாசம் ஆச்சு. நாப்பது கையெழுத்து மட்டுந்தான் பாக்கி. மூணு மணிக்குள்ள கொழும்புக்கு அனுப்பணும், விளங்குதா?" என்றார். அவளுக்கு நன்றாகவே விளங்கியது. அவளுடைய ஒப்பந்த வேலை அந்த மாதத்தோடு முடிகிறது. அதை நீட்டிக்கும் கடிதம் அவர் மேசையில்தான் கிடந்தது. குண்டசாலையில் வாடகை வீடு, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், கணவருக்கு நிலையான வேலை இல்லை. வாயை மூடிக்கொண்டு கிளிப்பைப் பூட்டினாள்.

கம்பளைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து பெற்றோர் சார்பில் ஜெயராணி வந்திருந்தாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

"இன்னைக்கு ஒரு பேர் போச்சு மேடம், ஒரு நாள் சம்பளம். கங்காணி அரைப் பேர்கூடப் போட மாட்டேன்னுட்டாரு. பரவால்ல. எங்க மக நிலூஷா கம்பளையில தையல் மெஷின் திருத்துற வகுப்புக்குப் போவுது. அத நல்லா நடத்துங்கன்னு சொல்லத்தான் வந்தேன். எப்ப பேசச் சொல்வீங்க?"

"கடைசியில நேரம் குடுப்பாங்கம்மா" என்று சொல்லிவிட்டு ஞானேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். அறிக்கையின் அறுபத்தோராம் பக்கம் அவளுக்கு மனப்பாடம். தொழில் சந்தையில் தேவை இல்லாததால் கம்பளைப் பயிற்சி நிலையத்தின் அந்தத் தமிழ்மொழி வகுப்பு நிறுத்தப்படும் என்று அதில் இருந்தது. நிலூஷாவுக்குப் பயிற்சி முடிய இன்னும் ஆறு மாதம்.

கூட்டம் தொடங்கியது. வரவேற்புரைக்கு ஒருவர், அவரை வரவேற்க இன்னொருவர். பிறகு திரையில் ஆங்கில எழுத்துகள் ஓடின. தோட்டத்து ஜெயராணியும் தெல்தெனியவிலிருந்து வந்த சிங்களக் கடைக்காரரும் ஒரே மாதிரிப் புரியாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேநீரும் பட்டிஸும் வந்தன. பதாகைக்கு முன்னால் எல்லாரையும் நிறுத்திப் படம் எடுத்தார்கள். கருத்துக் கேட்க ஒதுக்கிய நேரத்தைப் படமே தின்றுவிட்டது. ஜெயராணி இரண்டு தடவை கையைத் தூக்கினாள். ரவிகுமார் இரண்டு தடவையும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

சாப்பாட்டுப் பார்சல் கொடுக்கும்போது மணி ஒன்றரை. தாளில் முப்பத்தொன்பது கையெழுத்து. கம்பளையில் தையல் கடை வைத்திருக்கும் பாயிஸா பிந்தி வந்ததால் போடவில்லை.

"அந்த அம்மாகிட்ட வாங்கு. சீக்கிரம்" என்று ரவிகுமார் கண்ணால் காட்டினார். அவரும் பின்னாலேயே வந்து நின்றார்.

பாயிஸா ஜெயராணியோடு பேசிக்கொண்டிருந்தார். "என்ட கடையில பன்னெண்டு மெஷின் ஈக்கி. ஒண்டு பழுதாப் போனா ஆள் வர மூணு நாள். ஒங்கட மகளுக்குத் திருத்த ஏலும்டா இப்பவே அனுப்புங்க. ரெண்டு பேர் வேணும் எனக்கு. ஒருத்தரும் எனக்கிட்ட இதக் கேட்டதில்ல."

ஞானேஸ்வரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. தேவை இல்லை என்று எழுதியவர்கள் யாரைக் கேட்டு எழுதினார்கள்?

பாயிஸா அட்டையை வாங்கினார். வியாபாரம் செய்கிறவர், எதையும் பார்க்காமல் தொடமாட்டார். பெருவிரல் கிளிப்பின் மேல் போய் நின்றது.

"மேல என்ன எழுதி ஈக்கி, தங்கச்சி?"

ரவிகுமாரின் பார்வை ஞானேஸ்வரியின் முதுகைத் துளைத்தது.

"வரவுப் பதிவுதாங்க."

பொய் அவ்வளவு லேசாக வந்துவிட்டது. பாயிஸா ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"நீங்க சொன்னாச் சரி. ஒங்கள நம்பாம யார நம்ப?"

பேனை தாளைத் தொட்டது. அந்தச் சிரிப்பை ஞானேஸ்வரியால் தாங்க முடியவில்லை. வெட்கத்தில் அவள் உடம்பெல்லாம் எரிந்தது.

"இருங்க! போடாதீங்க."

அட்டையைப் பிடுங்கிக் கிளிப்பைக் கழற்றினாள். நேரே ஒலிவாங்கிக்குப் போனாள். மூன்று வரியையும் தமிழில் சொன்னாள், சிங்களத்தில் சொன்னாள். அறுபத்தோராம் பக்கத்தில் இருப்பதையும் சொன்னாள். கிளிப்பால் மறைத்தது தான்தான் என்பதையும் விடவில்லை.

மண்டபம் சந்தைக்கடை ஆனது. "என் பேர வெட்டுங்க!" என்று நாலு பக்கமும் குரல்கள். ஜெயராணி சாப்பாட்டுப் பார்சலை மேசையில் வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"எம் பிள்ள படிப்ப நிறுத்தவா மேடம் ஏங் கையாலயே கையெழுத்து வாங்குனீங்க?"

ஞானேஸ்வரிக்குக் கண்ணீர் வந்தது. "என்னய மன்னிச்சிருங்கம்மா" என்றாள்.

ரவிகுமார் அவளை ஓரமாக இழுத்தார். முகம் கறுத்திருந்தது. "ஒனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? ஒன் கடிதத்துல நான் கையெழுத்துப் போடுவேன்னு நெனைக்கிறியா? கொழும்புக்கு இப்ப நான் என்னத்த அனுப்புறது?"

பயம் இன்னும் போகவில்லை. அடுத்த மாத வாடகை கண்முன்னே நின்றது. ஆனாலும் அவள் அவரை நிமிர்ந்து பார்த்தே பேசினாள்.

"இவங்க சொல்றத எழுதி அனுப்புங்க சார். நாலு மணியானாலும் பரவால்ல, நாளைக்கானாலும் பரவால்ல. ஒரு வகுப்பு வேணுமா வேணாமான்னு படிக்கிறவளுக்கும் வேலை குடுக்கிறவங்களுக்கும் தெரியும், நமக்குத் தெரியாது. யாருக்காகத் திட்டம் போடுறோமோ, அவங்கள மொதல்ல கேட்டுட்டுத்தான் எழுதணும். எழுதி முடிச்சிட்டுக் கையெழுத்து வாங்குறதுக்குப் பேர் ஏமாத்து சார்."