தாகா வெட்டுகிறவர்

அன்று மாடியில் இருந்தவர்கள்: ஜன்னலை ஒட்டிய பலகையில், மடிக்கணினியைத் தொடைமேல் வைத்துக்கொண்டு சாதியா. இரும்பு ஏணி வந்து முட்டும் ஓட்டைக்குப் பக்கத்தில், வங்கித் தேர்வுப் புத்தகத்தோடு மாரீஸ்வரன். நடுவில், துணி வெட்டும் பழைய மேசையின் முன்னால், எழுது அட்டையோடு ஜெபசெல்வியாகிய நான். எனக்கு எதிரே, மேற்குச் சுவரோரம், தையல் மிஷின் கழற்றிய தடம் இருந்த இடத்தில், தரையில் சம்மணமிட்டு, மடியில் ஒரு வெள்ளைச் சட்டையோடு தாகா வெட்டுகிறவர்.

தைத்து முடித்த துணியில் தொங்கும் நூல்முனைகளை நறுக்கும் வேலைக்கு இங்கே தாகா கட்டிங் என்று பெயர். சின்னக் கத்தரி. டிக், டிக் என்று ஒரே அளவில் கேட்டுக்கொண்டிருக்கும்.

இடம், தாராவியில் தொண்ணூறடி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்து. சாதியாவின் மாமா அங்கே சட்டைக் கம்பெனி நடத்தினார். தொழிலை டோம்பிவிலிக்கு மாற்றிக்கொண்டு அவர் போனபின் மாடி சும்மா கிடந்தது. சாவி சாதியாவிடம் இருந்தது.

எங்கள் மூவருக்கும் ஒரே கோளாறு. ஒரு வேலையில் உட்கார்ந்தால் மனம் உட்காராது. சாதியாவுக்குச் செம்பூரில் ஒரு டாக்டர் அதற்கு ஏ.டி.எச்.டி. என்று பெயர் சொன்னார். எனக்கும் அவரே சொன்னார். மாரீஸ்வரனை வரச் சொன்னபோது, "எனக்கு டாக்டர் வேற எதுக்குக்கா? எங்கப்பா அஞ்சாங் கிளாஸ்லயே கண்டுபிடிச்சிட்டாரு" என்றான்.

மாத்திரையோடு அந்த டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். பக்கத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும். உதவ வேண்டாம், பேச வேண்டாம், அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு சும்மா உடன் இருந்தால் போதும், மனம் கட்டுப்படும் என்று. அது எனக்குப் புதிய செய்தி இல்லை. நான் பிழைப்புக்குக் கடிதம் எழுதுகிறவள். ரேஷன் கார்டு, விதவைப் பென்ஷன், பள்ளிச் சேர்க்கை என்று யார் வந்து கேட்டாலும் தேதி, பொருள், பார்வை எல்லாம் ஒழுங்காகப் போட்டு ஒரே மூச்சில் எழுதிக் கொடுப்பேன். காரணம், அவர்கள் என் எதிரில் உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு நானே எழுத வேண்டிய கடிதம் என்றால் 'அனுப்புநர்' என்பதோடு பேனா நின்றுவிடும். அம்மாவை எதிரில் உட்கார வைத்தும் பார்த்தேன். அவளுக்கு வாய் மூடாது.

அப்படி நின்றுபோன கடிதம் ஒன்று அப்போது என்னிடம் இருந்தது. தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்துக்காகச் சர்வேக்காரர்கள் வந்து வீடுகளைக் கணக்கெடுத்த அன்று அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள், நான் வேலைக்குப் போயிருந்தேன். எங்கள் வீட்டை 'பூட்டிக் கிடந்தது' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். பட்டியலில் எங்கள் பெயர் இல்லை. ஆட்சேபணையை வெள்ளிக்கிழமைக்குள் தபாலில் சேர்க்காவிட்டால், வீடு இடிபடும்போது எங்களுக்கு மாற்று வீடு கிடையாது. அம்மா இட்லி விற்பது இந்தச் சந்துகளில்தான். இங்கிருந்து கிளப்பினால் அவளுக்கு ஊரும் இல்லை, தொழிலும் இல்லை.

மாடியில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். உட்காரும்போது ஒவ்வொருவரும் அன்றைக்கு எதை முடிக்கப்போகிறோம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதன்பின் பேச்சில்லை, நிமிர்ந்து பார்ப்பதில்லை. "கல்யாண வீடியோ, மாப்பிள்ளை அழைப்பு வரைக்கும்" என்பாள் சாதியா. "வட்டிக் கணக்கு" என்பான் மாரீஸ்வரன். "ஆட்சேபணை" என்பேன் நான். மேற்குச் சுவரிலிருந்து, "கொஞ்சந்தான் பாக்கி" என்று குரல் வரும். திருநெல்வேலிப் பக்கத்துக் குரல். பிறகு கத்தரிச் சத்தம் தொடங்கும். அந்தச் சத்தத்தில் என் கை நகரும். 'அனுப்புநர்' தாண்டிப் 'பெறுநர்', அதையும் தாண்டிப் 'பொருள்' என்று அது நகர்ந்தது அந்த மாடியில்தான்.

மாரீஸ்வரன் முதல்கட்டத் தேர்வில் தேறினான். வியாழக்கிழமை வேலை முடிந்து மாடியைப் பூட்டிவிட்டு இறங்கியதும் எங்களைச் சமோசா வாங்கித் தருவதாக டீக்கடைக்கு அழைத்துப்போனான். மழை. தார்ப்பாயின்கீழ் ஒண்டி நின்றோம்.

"செல்விக்கா, ஒங்க சித்தப்பா நம்பரத் தாங்க. வாட்ஸப் குரூப்ல அவரயும் சேத்துருதேன். பாவம், டெய்லி நம்மகூட இருக்காவ, இனிப்புகூட குடுக்கல."

"எந்தச் சித்தப்பால?"

"அதான், தாகா வெட்டுதாவள்ல?"

"கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? அவரு சாதியாவுக்க மாமா கம்பெனி ஆளு."

சாதியா சமோசாவைக் கடிக்காமல் கையில் பிடித்திருந்தாள். "என்னக்கா சொல்லுதீங்க? மாமா ஆளுங்க பூரா உ.பி.க்காரங்க. அவரு பேசுறது ஒங்க ஊர்ப் பேச்சு. நீங்கதான் கூட்டிட்டு வந்தீங்கன்னு நெனச்சேன். மொத நாளே சொல்லிருப்பீங்க, நாந்தான் வழக்கம்போல மறந்துட்டேன்னு..."

"நானும் அப்பிடித்தாம்ட்டி நெனச்சேன். ஏதோ சொன்னே, எனக்குக் காதுல ஏறலன்னு."

"எனக்கும் யாரோ சொன்ன மாதிரிதான் இருக்கு" என்றான் மாரீஸ்வரன். அவன் குரலில் சுரத்து இறங்கியிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் முதல் நாளே கேட்டிருப்பார்கள். நாங்கள் கேட்கவில்லை. பெயர் மறந்து, முகம் மறந்து, அழைத்த கல்யாணம் மறந்து வாழ்நாள் முழுக்கத் திட்டு வாங்கியவர்கள் நாங்கள். யாரென்று தெரியாத ஒருவர் சிரித்தால், தெரிந்தவரைப் போலத் திருப்பிச் சிரித்துச் சமாளிப்பது எங்களுக்குப் பழகிப்போன வித்தை. மூவரும் ஆளுக்கொரு பக்கம் இத்தனை மாதமாக அவரிடம் சமாளித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

"அரே, சாவி எங்கிட்டதான இருக்கு" என்றாள் சாதியா. "டெய்லி நாந்தான் வெளிய பூட்டுறேன். நாந்தான் தொறக்குறேன்."

"நாம ஏறும்போது அவரு?" என்றேன்.

ஏணியில் தலை நீட்டும்போதெல்லாம் அவர் உட்கார்ந்திருந்ததை மூவருமே பார்த்திருக்கிறோம்.

"ஏல மாரி, நீ போய் எட்டிப் பாத்துட்டு வா. ஆம்பளப் பையன்தான?"

"போங்கக்கா! எனக்கு மெயின்ஸ் இருக்கு. உயிரு வேணும்."

சிரிக்க முயன்றோம். சாதியா பையிலிருந்து சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களையும் அவளே மடக்கிவிட்டாள். "நீங்களே வச்சிக்கங்க. இது எங்கிட்ட வேணாம்."

அன்று சாயங்காலம் அவள் என் வீட்டுக்கு வந்து எதிரே உட்கார்ந்தாள். நான் கடிதத்தை விரித்தேன். அவள் அரை நிமிடத்துக்கு ஒருமுறை கதவைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அம்மா இருவரையும் பார்த்து, "என்னட்டி, ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி இருக்கிய?" என்றாள். ஒரு வரி நகரவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் மாரீஸ்வரன் வந்தான். அவன் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்ததை வெகுநேரம் கழித்துத்தான் நானும் அவனும் கவனித்தோம்.

பகல் பன்னிரண்டு ஆயிற்று. தபால் நிலையம் நாலு மணிவரைக்கும்தான். கடிதத்தில் முக்கியமான பகுதி, சர்வே அன்று நாங்கள் எங்கே இருந்தோம், அதற்கு என்ன ஆதாரம் என்பது, இன்னும் எழுதப்படவில்லை. அம்மா வாசலில் குனிந்து இட்லித் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் எழுது அட்டையையும் உறைகளையும் பசையையும் பையில் போட்டேன்.

"எங்கக்கா?" என்றான் மாரீஸ்வரன்.

"மேலதான்."

"பாகலாக்கா நீங்க? பைத்தியமா புடிச்சிருக்கு?"

"எனக்கு வேற எங்கயும் ஓடல மாரி. மூணரைக்கு ஸ்கூட்டர எடுத்துட்டுக் கீழ வந்து நில்லு. நீ ஏற வேண்டாம்."

பூட்டு ஈரமாக இருந்தது. திறந்து உள்ளே போனேன். ஏணியில் கால் வைக்கும்போதே மேலிருந்து கத்தரிச் சத்தம் கேட்டது.

அவர் அதே இடத்தில் இருந்தார். இத்தனை நாளில் முதல்முறையாக நான் அவரை நேராகப் பார்த்தேன். பயப்படும்படி ஒன்றுமில்லை. ஐம்பது வயதிருக்கும். எண்ணெய் வைத்து வாரிய தலை. குனிந்தே இருந்தார். பார்த்தபடி இருக்கும்போதே முகம் எப்படியிருந்தது என்பது எனக்கு மறந்துகொண்டிருந்தது. அது என் கோளாறா, அவருடையதா என்று தெரியவில்லை.

மேசை முன்னால் உட்கார்ந்தேன். வழக்கப்படி சொல்ல வேண்டும். "ஆட்சேபணை. இன்னைக்குக் கடைசி நாள். முடிக்கிற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்" என்றேன். பிறகு, தனியாக விட்டுவிடுவாரோ என்ற பயத்தில், அந்த வார்த்தையையும் சொன்னேன். "நான் முடிக்கிற வரைக்கும் நீங்களும் எந்திரிச்சிராதீய."

கத்தரி நின்றது.

"நான் முடிக்கிற வரைக்கும் நீங்களும்" என்றார்.

"சரி" என்றேன்.

"கொஞ்சந்தான் பாக்கி."

டிக், டிக் என்று தொடங்கியது. என் கை ஓடியது. அப்படி ஒருநாளும் ஓடியதில்லை. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த சீட்டு, இணைப்பு ஒன்று. மின்சார ரசீதுகள், இணைப்பு இரண்டு. பக்கத்து வீட்டு ராபியாவின் கையொப்பமிட்ட சாட்சியம், இணைப்பு மூன்று. ஆகவே எங்கள் வீட்டை மறுபடி பார்வையிட்டுப் பெயர்களைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது மூன்றேகால் ஆகியிருந்தது.

"முடிஞ்சிட்டு" என்றேன்.

அவர் மடியை அப்போதுதான் ஒழுங்காகக் கவனித்தேன். அது எப்போதும் இருக்கும் அதே வெள்ளைச் சட்டை. சட்டையின் இடது கை விளிம்பில் தொங்கிய ஒரு நூலை நறுக்கினார். நூல் விழுந்தது. கத்தரி அடுத்த முனைக்குப் போவதற்குள் நறுக்கிய இடத்திலிருந்து, நகம் வளர்வதுபோல், நூல் மறுபடி நீண்டது. அவர் அதைத் திட்டவில்லை, சலித்துக்கொள்ளவில்லை. திரும்பி வந்து நறுக்கினார். அவரைச் சுற்றித் தரை முழுக்க வெள்ளை வெள்ளையாக நூல் கிடந்தது. இத்தனை நாள் அதைப் பஞ்சு என்று நினைத்திருந்தேன்.

உட்கார்ந்தே இருந்தும் முடிக்க முடியாமல் போகும் வேதனை எனக்குத் தெரியும். அந்தக் கணத்தில் பயத்தைவிட அதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

ஆனாலும் எழுந்தேன். பாதிதான் எழுந்திருப்பேன். கத்தரி நின்றது. அதோடு தகரத்தில் விழுந்த மழை நின்றது. சந்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்த பெண்களின் குரல் நின்றது. எதிரே ஓடிய வெல்டிங் பட்டறை நின்றது. எதுவும் ஓய்ந்து முடியவில்லை, எல்லாம் அந்தந்த இடத்தில் உறைந்து நின்றிருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு மழைத்துளி தகர விளிம்பில் தொங்கியபடி விழாமல் இருந்தது. என் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தேன். கையெழுத்தில் கடைசியாக வைத்த புள்ளி இன்னும் ஈரமாக மின்னியது, காயாமல்.

உட்கார்ந்தேன். துளி விழுந்தது. பெண்கள் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார்கள்.

"கொஞ்சந்தான்" என்றார் அவர், நிமிராமல். குரலில் மிரட்டல் இல்லை. கெஞ்சல்போல்தான் இருந்தது.

கீழே ஸ்கூட்டர் வந்து நின்றது. "செல்விக்கா! மணியாச்சு! எறங்குங்க!"

மாடி சின்னது, மேசையிலிருந்து கை நீட்டினால் ஜன்னல் எட்டும். கம்பெனிக் காலத்தில் சட்டைக் கட்டுகளை இறக்கிய கயிறும் பையும் ஜன்னல் கம்பியில் அப்படியே தொங்கின. கடிதத்தை மூன்றாக மடித்தேன். இணைப்புகளை வரிசைப்படி பின்னால் வைத்தேன். உறையில் போட்டேன். பசை தடவி, விளிம்பு முழுக்கக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினேன். முகவரியை ஒருமுறை வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தேன். மழைக்குப் பிளாஸ்டிக் உறை சுற்றினேன். இருந்த இடத்திலிருந்தே கை நீட்டி, அதைப் பையில் வைத்து இறக்கினேன்.

மாரீஸ்வரன் அதை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். அண்ணாந்து பார்த்தான். முகத்தில் மழை அடித்தது.

"நீங்க எறங்கலியாக்கா?"

"ஸ்பீட் போஸ்ட்டுன்னு சொல்லு. ரசீத அம்மாட்ட குடுத்திரு."

"அக்கா, நீங்க?"

"அவரு இன்னும் முடிக்கல மாரி. கூட இருக்கேன்னு சொல்லிட்டேன். நீ போ, நேரமாவுது."

'யாரு' என்று அவன் கேட்கவில்லை. சட்டைப் பொத்தானைப் போட்டான். பிறகு ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினான். சந்தின் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அது தொண்ணூறடி ரோட்டுப் பக்கம் திரும்புகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் தேய்ந்தது. கடிதம் போய்விட்டது.