தாயிசியா மான்சியில் சொன்னது

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. மரியாதையான வேறு காரணம் கிடைக்குமா என்று நான்கு நாள் தேடினேன், கிடைக்கவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'உராலிக் மொழிக் குடும்பத்தின் உக்ரிக் கிளையில் ஹங்கேரியன், ஹன்தி, மான்சி என்று மூன்று...' அடித்துவிட்டேன். அது லோரந்த்தின் குரல். என் கதையிலும் அவனே முதலில் வாய் திறப்பதா?

இரண்டாவது: 'ஆகஸ்டில் ரஷ்யாவின் வடகாட்டுச் சோஸ்வா ஆற்றுப் படகிலிருந்து உயரமான ஹங்கேரிக்காரன் ஒருவன்...' (உயரத்தை எடுத்துவிடுகிறேன். என்னைவிட நான்கு விரல்தான் கூடுதல்.)

2

நான் அர்காதி. மான்சி இனத்தவன், மான்சி மொழி தெரியாது. ஏழு வயதில் விடுதிப் பள்ளிக்குப் போய், ரஷ்ய மொழியோடு மட்டும் திரும்பியவன். என் மனைவி தாயிசியா காட்டில் தகப்பனோடு வளர்ந்தவள், மான்சியிலேயே கனவு காண்பவள். பத்தொன்பது வருடமாக என்னோடு ரஷ்யனில் குடும்பம் நடத்துகிறாள்.

லோரந்த் புடாபெஸ்டில் புத்தகம் வைத்து மான்சி படித்தவன். எங்கள் சமையலறை மேசையில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்தான். மீனுக்கு அவன் ஹங்கேரியனில் 'ஹல்' என்றான், இவள் மான்சியில் 'ஹூல்' என்றாள். தண்ணீருக்கு அவன் 'வீஸ்', இவள் 'வித்'. ஒவ்வொரு சொல்லுக்கும் இருவரும் சிரித்தார்கள்.

(அடிக்குறிப்பாக இருக்க வேண்டியது: ஃபின்லாந்துக்காரர்களும் இதே குடும்பந்தான், ஆனால் தூரத்துப் பங்காளிகள். ஹங்கேரியனுக்கு நெருங்கிய சொந்தம் நாங்களும் ஹன்திகளும். குதிரைக்கான சொல்கூட எங்கள் மூவருக்கும் பொதுவாம். இதையும் அவன்தான் எனக்குச் சொன்னான்.)

"தம்பி, இன்னொரு மீன் போட்டுக்கோ," என்றாள் தாயிசியா.

"தம்பியா? எப்பத்திலேர்ந்து?" என்றேன்.

"ஆயிரக்கணக்கான வருஷமா. உனக்குத்தான் தெரியல."

பிறகு மான்சிக்குத் தாவி ஏதோ நீளமாகச் சொன்னாள். நடுவில் என் பெயர் வந்தது. லோரந்த் கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

3

மறுநாள் இருவரும் வலை எடுக்கப் போனபோது அந்தப் பேச்சு பதிவாகியிருந்த நாடாவை அழித்தேன். (என்னையே வேறொருவனாக்கி 'அவன் அழித்தான்' என்று எழுதிப் பார்த்தேன். வசதியாக இருந்தது, அதனாலேயே மாற்றினேன்.)

லோரந்த் வெற்று நாடாவை இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, "பரவால்லண்ணா, தெரியாம கை பட்டிருக்கும்," என்றான். அந்தப் பெருந்தன்மையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தாயிசியா விடவில்லை. "நீதானே?"

"ஆமா. என்னப் பத்தி என்ன சொல்லிச் சிரிச்ச?"

"நீ பொண்ணு கேட்டு வந்த கதைய. எங்கப்பாவுக்காக மான்சில ஒரே ஒரு வாக்கியம் மனப்பாடம் பண்ணிட்டு வந்து, அதையும் உளறி, பொண்ணுக்குப் பதிலா படகக் கேட்டியே. அப்பா பேசுன மாதிரியே பேசிக் காட்டினேன். அவர் செத்தப்புறம் நேத்திக்குத்தான் எனக்கு அந்தக் குரல் வந்துச்சு."

பிறகு என் முகத்தைப் பார்த்து மான்சியில் ஒரு வாக்கியம் சொன்னாள். கோபமா, வேறு ஏதாவதா, தெரியவில்லை. வலையை உலர்த்தப் போய்விட்டாள். லோரந்த் அந்த வாரமே கிளம்பினான்.

4

முடிவு ஒன்று: அவள் மன்னித்தாள். (பொய். அந்த வாக்கியத்துக்கு அர்த்தம் கேட்டால், "ரஷ்யன்ல சொன்னா அதுல ஒண்ணும் இருக்காது" என்கிறாள்.)

முடிவு இரண்டு: நான் மான்சி கற்றுக்கொள்கிறேன். அவ்வளவு நல்லவனாக என்னை எழுதினால் தாயிசியாவே நம்ப மாட்டாள்.

மூன்றாவது முடிவல்ல, நிலவரம். அந்த வாக்கியத்தைக் காதில் விழுந்தபடி எழுதி வைத்திருக்கிறேன். ஊர்ப் பெரியவர்களிடம் காட்டினால் மாலைக்குள் ஊரே பேசும். மிச்சமிருப்பவன் லோரந்த் ஒருவன். என் மனைவி என் முகத்தைப் பார்த்துச் சொன்னது என்ன என்று நான் அவனைத்தான் கேட்க வேண்டும். உறையில் புடாபெஸ்ட் முகவரி எழுதியாயிற்று. தபால் படகு வியாழக்கிழமை.

நீங்களாக இருந்தால் அனுப்புவீர்களா? எனக்குச் சொல்ல வேண்டாம்.