அரிய சொல் சான்றிதழ்

எங்கள் ஊரில் பிரெயில் மென்பொருள் ஒரு பெயரைச் சுருக்கினால், அந்தப் பெயருக்குரியவரும் அதே அளவு சுருங்கிவிடுவார். செவ்வாய்க்கிழமை என் மனைவி நெய்தலரசி பாதியானாள்.

அவள் டவுன் பஸ் ஓட்டுநர். பார்வையில்லாத நான் பிரெயில் அச்சகத்தில் விரலால் பிழை திருத்துகிறேன். அன்று ஓட்டுநர் பட்டியலைத் தடவியபோது அவள் பெயர் பாதி நீளம்தான் இருந்தது. வீட்டுக்குப் போனால், அவள் குரல் என் இடுப்புக்குக் கீழிருந்து வந்தது.

"ஸ்டியரிங்குக்கு மேல ரோடே தெரியலங்க. பதினோரு வருஷம் ஓட்டின வண்டி. வேற ஆளைப் போட்டுட்டாங்க." அழுதுகொண்டிருந்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே மென்பொருள் அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி நம்பிராஜன் டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"அரிய சொல்லைச் சுருக்கக் கூடாதுன்னு உங்க விதியிலயே இருக்கு. இந்த ஊர்ல வேற யாருக்கு இந்தப் பேரு?"

"யாருக்கும் இல்ல சார். ஆனா நீங்க ஒருத்தரே தினம் நாப்பது தடவ கூப்பிடுறீங்க. அடிக்கடி வர்ற சொல்லைச் சுருக்கத்தான் செய்யும்."

கட்டிய மனைவியைக் கூப்பிட அளவு வைக்க இவர்கள் யார்? மேசையை ஓங்கித் தட்டினேன். அவர் டம்ளரை நகர்த்திவிட்டு, மீதி மேசையையும் தட்டிக்கொள்ளச் சொன்னார்.

ஒரு மாதம் பெயரைச் சொல்லாமலிருந்தால் அரிய சொல் சான்றிதழ் தருவார்களாம். அதற்குக் கைநாட்டு வாங்கினார்கள். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் என்றதை ஒருவரும் காதில் வாங்கவில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். சாப்பிட வரச் சொல்லத் தட்டைத் தட்டினேன். மூன்றாவது வாரம் என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். வண்டியும் திரும்பக் கிடைத்தது.

மாதம் முடிந்ததும் சான்றிதழ் வாங்கப் போனேன்.

"ஒரு மாசமா யாருமே சொல்லல சார். புழக்கத்துல இல்லாத சொல்லுன்னு இன்னிக்குக் காலைல மென்பொருளே நீக்கிடுச்சு," என்றார் நம்பிராஜன்.

அநியாயம் என்று கத்தினேன். நெய்தலரசி, நெய்தலரசி என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"தாராளமா கூப்பிடுங்க சார். இனிமே ஒண்ணும் ஆகாது."

மாலையில் அவள் பஸ் சரியான நேரத்துக்கு வந்தது. எனக்காக எப்போதும் அடிக்கும் இரண்டு ஹாரன் கேட்டது. ஏறியதும் ஓட்டுநர் இருக்கையைத் தடவிப் பார்த்தேன். காலியாக இருந்தது, சூடு மட்டும் ஆறவில்லை.

"உள்ள தள்ளி நில்லுங்க," என்றார் கண்டக்டர்.

வண்டி கிளம்பியது.