பாதி நாள் டீச்சர்

தோட்டத்துத் துரை சர்டிபிகேட்டைக் கேட்கவே இல்லை. தெய்வானையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இங்கிலீஷில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: விடியுமுன் எழுந்துகொள்வாயா?

மலாக்கா டவுனில் அவள் ஏறி இறங்காத பள்ளிக்கூடம் இல்லை. போன இடமெல்லாம் முதல் கேள்வியே சர்டிபிகேட்தான். கும்பகோணத்தில் இண்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா செத்துப்போனார். பாதியில் நின்ற படிப்புக்கு எவன் சர்டிபிகேட் தருவான்? மலாயாவில் இங்கிலீஷ் தெரிந்தால் போதும் என்று அக்காதான் கப்பலேற்றிக் கூப்பிட்டுக்கொண்டாள். கன்னியாஸ்திரீ ஒருத்தி அவள் பேசியதை ரசித்துக் கேட்டுவிட்டுக் கையோடு வாசலையும் காட்டினாள். அத்தான் குறையாக ஒன்றும் சொல்வதில்லை. சாப்பிட உட்காரும்போது மட்டும், ஊரில் இரண்டாம் தாரமாகக் கேட்டுக்கொண்டிருந்த மளிகைக்கடைக்காரரைப் பற்றி நல்ல வார்த்தை பேசுவார். வேலை அமையாவிட்டால் அடுத்த கப்பலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அது அவளுக்குத் தெரியும்.

அதனால்தான் டுரியான் துங்கால் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இங்கிலீஷ் டீச்சர் தேடுகிறார்கள் என்றதும் பஸ் ஏறினாள். வேலையின் மறுபாதியை, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி தனபாலன்தான் ஆபீஸ் வாசலில் வைத்துச் சொன்னார்.

"மத்தியானம் லயத்துப் பிள்ளைங்களுக்குப் பாடம். காலையில கேட்ல நிக்கணும், டீச்சர். வெட்டுக்குப் போற பொம்பளைங்கள ஆம்பள மாத்தா, போலீஸ்காரன், தொட முடியாதுலா. தொட்டா ஒருத்திகூட வேலைக்குப் போகமாட்டா. நீங்க தடவிப் பாத்து, அரிசி கிரிசி இருந்தா வெள்ளக்கார போலீஸ் துரைகிட்ட இங்கிலீஷ்ல சொல்லணும். அவ்ளோதான்."

"நான் டீச்சர் வேலைக்குத்தானே வந்தேன் சார்?"

"சர்டிபிகேட் இருந்தா டவுன்லயே கெடைச்சிருக்கும்லா." அவர் குத்திக்காட்டவில்லை, இருப்பதைச் சொன்னார். "துரை ஒரு மாசம் பாப்பாரு. பிடிச்சா பெர்மனெண்ட்."

காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக்கூடாதென்று தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்த காலம் அது. பசியாறக் கட்டிக்கொண்டு போகும் பழைய சோற்றுக்கும் தடை. பெண்கள் வெறும் வயிற்றோடு போய் மரம் வெட்டி, பால் எடுத்து, வெயில் உச்சிக்கு வந்த பிறகு திரும்பித்தான் சாப்பிட்டார்கள். காட்டில் இருப்பவனைப் பட்டினி போட, உழைக்கிறவளை முதலில் பட்டினி போடுவது எந்த மகாராசன் கண்ட வழியோ!

முதல் நாள் தெய்வானை ஒருத்தியின் இடுப்பைத் தொட்டுவிட்டுக் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். பெண்கள்தான் அவளைத் தேற்றினார்கள்.

"நல்லாத் தடவுங்க டீச்சரம்மா. எம்புருசன் தொட்டே வருசமாச்சு."

"அவ இடுப்புல மூட்ட மூட்டயா இருக்கு, பாருங்க. எல்லாம் கொழுப்பு!"

வரிசையே சிரித்தது. மாத்தா அதட்டினான். கைகளை அகல விரித்து நிற்கவைப்பது, மடியை அவிழ்ப்பது, முந்தானையை உதறுவது, கொண்டையை அமுக்கிப் பார்ப்பது என்று கை மெல்லப் பழகிவிட்டது. அந்தப் பழக்கம்தான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனால் மத்தியானம் வகுப்புக்குள் நுழைந்தால் அதெல்லாம் மறந்துபோகும். பெஞ்சுகளுக்கு இடையில் நடந்து, ஒவ்வொரு சிலேட்டுப் பலகையாகக் குனிந்து பார்த்துத் திருத்துவாள். பெத்தம்மாளின் மகள் ராஜம்மா ஜன்னலுக்கு வெளியே தெரிந்ததையெல்லாம் காட்டி, இதுக்கு இங்கிலீஷ்ல என்னா டீச்சர், அதுக்கு என்னா டீச்சர் என்று பிய்த்தெடுப்பாள். இந்த வேலைக்காகவே பிறந்திருக்கிறோம் என்று தெய்வானை சத்தியமாக நம்பினாள்.

மாதம் முடியப்போகும் சமயத்தில் ராஜம்மாவின் அப்பா அங்கமுத்து காய்ச்சலில் செத்தான். ஊரடங்கு நேரம் நெருங்கிவிட்டதென்று போலீஸ் அவசரப்படுத்தி, நாலே ஆம்பளைகளை மட்டும் வெளியே விட்டுப் புதைக்கச் சொன்னது. கம்பியைப் பிடித்துக்கொண்டு பெத்தம்மாள் கத்தினாள். வாய்க்கரிசி போடக்கூட அவளை விடவில்லை.

மூன்றாம் நாள் காலை அவளும் வெட்டுக்கு வரிசையில் நின்றாள். போகிற வழியில்தான் இடுகாடு. தெய்வானையின் விரல் அவள் மடியில் ஒரு முடிச்சில் இடறியது. கோடித் துணியின் ஓரம், அதற்குள் ஒரு பிடி பச்சரிசி.

தெய்வானைக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அப்பாவின் வாயில் அவளே போட்டிருக்கிறாள்.

"வாட் இஸ் இட்?" போலீஸ் துரை கிட்டே வந்தான்.

"டீச்சரம்மா," பெத்தம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அவரு வாயில போடலம்மா. குழிமேலயாவது போட்டுட்டு வந்துடறேன். நீங்க சொன்னா கேப்பான். உங்களுக்குத்தான அந்தப் பாஷ தெரியும்."

கணவனின் புதைகுழிக்கு எடுத்துப்போகும் அரிசி, எங்கள் வழக்கம், ஒரு பிடிதான், வேண்டுமானால் கூடவே ஆள் அனுப்புங்கள். நாலு வாக்கியமும் இங்கிலீஷில் பிசகில்லாமல் அவள் தொண்டைவரை வந்துவிட்டன. போலீஸ் துரைக்குப் பின்னால் தனபாலன் நின்றார். வேண்டாம் என்பதுபோல் தலையை லேசாக ஆட்டினார். இந்தக் கம்பிக்குள் அரிசிக்காகப் பரிந்து பேசியவர்களும் கைதாகிப் போலீஸ் லாரி ஏறியிருக்கிறார்கள். தெய்வானைக்குக் கப்பல் ஞாபகம் வந்தது. மளிகைக்கடைக்காரர் ஞாபகம் வந்தது.

"ரைஸ், சார்," என்றாள்.

பெத்தம்மாள் கையை எடுத்துக்கொண்டாள். லாரியில் ஏற்றும்போது முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள். மிச்சமிருந்த பெண்களையும் தெய்வானை சோதித்து அனுப்பினாள்.

மத்தியானம் வகுப்புக்குப் போகும் வழியில் தனபாலன் எதிர்ப்பட்டார்.

"தோட்டத்துத் துரைக்கு ரொம்பத் திருப்தி. வளவளன்னு பேசலியாம் நீங்க. அடுத்த மாசத்திலேருந்து பெர்மனெண்ட்." கொஞ்சம் நின்று, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "அந்தப் பொம்பளைய எப்ப விடுவாங்கன்னு கேட்டுப் பாக்குறேன்," என்றார்.

"கேளுங்க சார்," என்றாள். அவருக்குக் கேட்டதோ இல்லையோ.

ராஜம்மா வந்திருப்பாள் என்று அவள் நினைக்கவில்லை. வீட்டில் இருக்க யாருமில்லாத பிள்ளை வேறு எங்கே போகும்? முதல் பெஞ்சிலேயே இருந்தாள். தெய்வானை எழுத்துகளைப் போர்டில் எழுதினாள், பிள்ளைகள் குனிந்து எழுதினார்கள், பலகைக்குச்சிகள் கீச்சிட்டன. பிறகு எப்போதும்போலத் திருத்துவதற்காக முதல் பெஞ்சுக்கு வந்து குனிந்தாள்.

ராஜம்மா பலகையைக் கீழே வைத்தாள். எழுந்து நின்றாள். டீச்சர் முகத்தைப் பார்க்காமல், இரண்டு கைகளையும் பக்கவாட்டில் அகல விரித்தாள். சட்டையின் அக்குளில் தையல் விட்டிருந்தது. பக்கத்தில் இருந்த பையன் அவளைப் பார்த்துவிட்டு, பலகையை வைத்துவிட்டு எழுந்தான்.