தலைமேல் போர்த்திய பாய்

திங்கட்கிழமை முதல் மணி அடிக்கும் முன்பே தவீட்டா பள்ளி மைதானத்தில் சம்மணமிட்டு, நேர்த்தியான பாய் ஒன்றைத் தலைவழியே போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பின்னால் தம்பிகள், தங்கை, கடைசியில் தலை கவிழ்ந்தபடி மகள் மகெரிட்டா. ஊர் வழக்கப்படி, அடிபட்டவர் வந்து பாயை விலக்கினால் மன்னிப்பு. விலக்காவிட்டால் வெயிலில் கிடக்க வேண்டியதுதான்.

அடிபட்டவர் தலைமையாசிரியை லூசியா. தவீட்டாவின் மனைவி நியூசிலாந்துக்கு ஆப்பிள் பறிக்கப் போனதிலிருந்து மகெரிட்டாவின் படிப்பு சரிந்துகொண்டே வந்தது. சின்னதுகளுக்கு ஆக்கிப்போடவே அவளுக்கு நேரம் போதவில்லை. புதன்கிழமை கணக்கு வகுப்பில் லூசியா அவள் மதிப்பெண்ணை எல்லோருக்கும் கேட்கப் படித்தார். "முப்பத்தொண்ணு! பேசாம வீட்டுல உக்காந்து கிழங்கு சுடு." மகெரிட்டாவின் ஜாமெட்ரி பாக்ஸ் பறந்தது. லூசியாவின் புருவத்தில் நாலு தையல். பெண்ணைப் பள்ளியை விட்டே நீக்கிவிட்டார்கள்.

இந்தக் கடைசி வருடப் பரீட்சையை எழுதினால்தான் நர்ஸ் படிப்பு. தவீட்டாவுக்கு வேறு நினைப்பே இல்லை. அன்று சாயங்காலமே மன்னிப்புக் கேட்க ஓடியிருக்கலாம், பாவி மனிதர். வீட்டுப் பாயில் ஓரம் கிழிந்திருந்தது.

"கிழிசலப் போத்திக்கிட்டுப் போனா ஊரே சிரிக்கும்ணே. எங்க மாமியார்கிட்ட நல்ல பாய் இருக்கு, கேட்டு வாங்கியாறேன்" என்றாள் தங்கை. அதுவும் நியாயம்தானே? பாய் வந்து சேரச் சனிக்கிழமை ஆனது. ஞாயிறு தேவாலயத்தோடு போயிற்று.

வெயில் ஏறியது. "ஏய் மகெரிட்டா, கிழங்கு வெந்துடுச்சா?" என்று ஜன்னலிலிருந்து எவனோ கத்த, வகுப்பே சிரித்தது. தவீட்டா பல்லைக் கடித்துக்கொண்டார்.

பத்தரை மணிக்குப் பாய் விலகியது. நெற்றியில் கட்டோடு லூசியா அழுதுகொண்டு நின்றார்.

"எந்திரிங்க. நானும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. என் மனசுல ஒண்ணுமில்ல."

"அப்ப பரீட்சை, டீச்சர்?"

லூசியா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார். "பரீட்சைப் பேர்ப்பட்டியல் வெள்ளிக்கிழமையே ஆப்பியாவுல இருக்குற பெரிய ஆபீசுக்குப் போயிடுச்சு. உங்கள்ல யாராவது வந்தா இவ பேரையும் சேத்து அனுப்பிடலாம்னு அன்னிக்கு இருட்டுற வரைக்கும் ஆபீசுலயே உக்காந்திருந்தேன். இப்பவும் ரெண்டு மணி நேரமா போன்ல கெஞ்சிட்டுத்தான் வர்றேன். சேக்கவே மாட்டேங்குறாங்க. வெறுங்கையோட வந்து நின்னிருந்தாக்கூடப் போதுமேய்யா."

தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். மகெரிட்டா வந்து அப்பாவின் தோளைத் தொட்டாள். "அதான் மன்னிச்சிட்டாங்கல்லப்பா, எந்திரிங்க."

அவர் எழவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பிள்ளைகளும் பார்க்க, ஓவென்று அழுதார்.

"வெள்ளிக்கிழமை நான் வீட்டுலதாம்மா இருந்தேன். சும்மாத்தாம்மா உக்காந்திருந்தேன்."