மழையில் குளித்த கோதுமை

நாலாவது தட்டைப் பார்த்ததுமே எடைக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. துறைமுகப் பரிசோதனை அறையின் மேசைமேல் நான்கு நாடுகளின் ஏற்றுமதித் துரம் கோதுமை, அதாவது பாஸ்தாவுக்கான கெட்டி ரகம், வரிசையாக இருந்தது. கோதுமையில் என்ன நாடு என்றுதானே நினைப்பீர்கள், கண்ணுகளா? பாஸ்தா ஆலைக்காரர்கள் ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒரு மணி வாங்கமாட்டார்கள். கனடாவிலிருந்து வந்தது தேன்கட்டியாக மின்னியது. அடுத்த இரண்டும் அதற்குச் சளைத்ததில்லை. சொந்த நாட்டுத் தட்டு மட்டும் சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்துக் கிடந்தது. அறுவடைக்கு முந்தின வாரம் பிடித்த மழை செய்த வேலை.

வெட்டிப் பார்க்கையில் நூற்றுக்கு எண்பது மணியாவது உள்ளே மாவாக இல்லாமல் கண்ணாடியாக இருந்தால் கப்பல் ஏறும். இல்லாவிட்டால் மாட்டுத் தீவனம்.

"தீவனம்னு எழுதிடும்மா. பார்த்தாலே தெரியுதே, இதுக்கு வேற கண்ணைக் கெடுத்துக்கணுமா?" என்றார் எடைக்காரர்.

பரிசோதிப்பவள் பேனாவை எடுத்தாள். வாசல் பெஞ்சில் அவள் கொழுந்தன் உட்கார்ந்திருந்தான். அந்தத் தட்டில் அவன் வயல் மணியும் இருந்தது. தீவனம் என்று காதில் விழுந்ததும் எழுந்து வந்துவிட்டான்.

"அண்ணி, மழையில குளிச்சது ஒரு குத்தமா?"

"உள்ள வராதே. உனக்குச் சாதகமா எண்ணிட்டேன்னு பேர் வந்துடும்."

"எங்க எண்ணுனீங்க? நீங்க இன்னும் வெட்டவே இல்லையே!"

அவளுக்குச் சுருக்கென்றது. மூன்று நாட்டு மணிகளையும் வெட்டிப் பார்த்தவள், இதை மட்டும் தோலைப் பார்த்தே எழுதப் போயிருக்கிறாள். உறவுக்குச் சாய்ந்தாள் என்ற பேச்சுக்குப் பயந்து, எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டாள்.

ஐம்பது குழிகள் உள்ள வெட்டுத் தகட்டில் மணிகளைப் போட்டுத் தட்டி நிரப்பினாள். கத்தியை ஒரே இழுப்பாக இழுத்தாள். மேல்பாதிகள் பொலபொலவென்று உதிர்ந்தன.

எடைக்காரர் குனிந்தார். "அடேங்கப்பா!" என்றார்.

"என்னாச்சு அண்ணி?"

மொத்தம் முந்நூறு மணி வெட்டி எண்ண வேண்டும். இன்னும் ஐந்து தகடு பாக்கி இருந்தது. அவை என்ன சொல்லுமோ. இந்த முதல் தகட்டைத் தூக்கிச் சன்னலுக்கு நேரே பிடித்தாள். நாலைந்து குழிகள்தான் மாவாக அடைத்துக் கிடந்தன. மற்றவற்றில், அந்த வெளுத்த தோல்களுக்கு நடுவில், ஒவ்வொன்றிலும் ஒரு துளி வெயில் மஞ்சளாக நின்றுகொண்டிருந்தது.