மதிப்புரைக்கு ஒரு மறுப்பு

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது, முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சென்ற ஞாயிறு எங்கள் ஊரான மொந்தெவிதேயோவின் நாளிதழ் ஒன்றில் என் நாவலுக்கு மதிப்புரை வந்தது. நாவல் 2091இல் நடக்கிறது. வீட்டுச் சுவர்களெல்லாம் ஒட்டுக்கேட்கும் நகரம், ஒரு கொலை, ஒரு குடிகாரத் துப்பறிவாளன். விமர்சகர் ரமிரோ எச்செவெர்ரி சுவர்களை நம்பிவிட்டார். கொலையை நம்பிவிட்டார். துப்பறிவாளனின் செயற்கை ஈரலைக்கூட நம்பிவிட்டார். அவரால் நம்ப முடியாமல் போனது ஒரே ஒரு பக்கம்.

"விட்டுப்போன கணவனின் குரலில் தானே மன்னிப்புக் கேட்டு, தன் குரலில் தானே மறுக்கும் பெண் எந்த ஊரிலும் கிடையாது. ஆசிரியருக்கு இயந்திரங்களைத் தெரிந்திருக்கிறது, மனிதர்களைத் தெரியவில்லை."

ஐயா, அந்த ஒரு பக்கம்தான் நான் கற்பனை செய்யாதது.

2

மறுப்புக் கடிதத்தை இப்படித் தொடங்கிப் பார்த்தேன்:

'மதிப்பிற்குரிய எச்செவெர்ரி அவர்களே, தாங்கள் வாழ்க்கையில் ஒருமுறையாவது சமையலறையில் நின்று—' (கூடாது. வயிற்றெரிச்சல் தெரிகிறது.)

'எங்கள் கட்டடத்தின் காற்றுக்குழியில், மூன்றாம் மாடியிலிருந்து, தினமும் மாலை ஆறு மணிக்கு—' (இது அதைவிட மோசம். முகவரியையே கொடுத்தாயிற்று.)

காற்றுக்குழி கட்டடத்தின் நடுவே மேலிருந்து கீழ்வரை இறங்குகிறது. எல்லாச் சமையலறை ஜன்னல்களும் அதைப் பார்த்துத்தான் திறக்கும். யார் வீட்டில் பூண்டு வதங்குகிறது, யார் வீட்டில் சண்டை என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததாக யாரும் காட்டிக்கொள்வதில்லை. யாரும் சொல்லாமலே எல்லோரும் காப்பாற்றும் ஒப்பந்தம் அது. கண்காணிப்பை எதிர்த்து முந்நூறு பக்கம் எழுதிய நான்தான், அங்கே காதில் விழுந்ததை அந்த ஒரு பக்கமாக்கி, அதை மீறினேன். நாவல் வந்த வாரத்திலிருந்து ஒரு ஜன்னல் மூடியே கிடக்கிறது.

3

இங்கே அந்த ஜன்னலுக்குச் சொந்தக்காரர் சுல்மா வருகிறார். (பெயர் அதுவல்ல. மாடியும் மூன்றல்ல. நான் என்ன அவ்வளவு கேடுகெட்டவனா? ஓரளவுக்குத்தான்.) கணவர் ஸ்பெயினுக்குப் போய் ஒன்பது வருடம், ஒரு வரி எழுதியதில்லை.

செவ்வாய்க்கிழமை மழை. மழை பெய்தால் இங்கே வீட்டுக்கு வீடு மாவைத் தட்டிக் கொழுப்பில் பொரிப்பார்கள். ஒரு தட்டு நிறைய எடுத்துக்கொண்டு வந்து கதவைத் தட்டினார்.

"சூடா இருக்கு, சாப்பிடுங்க. பேப்பர்ல உங்களைப் பத்திப் படிச்சேன்."

"அந்த ஆளு ஒரு மடையன்மா. பதில் எழுதிட்டு இருக்கேன்."

"எழுதாதீங்க."

"அந்தப் பக்கம் நிஜம்னு நான் சொல்லியாகணும்ல?"

"எங்க அக்கா சால்தோ ஊர்லேருந்து போன் பண்ணா. 'அந்தப் புத்தகத்துல வர்ற பைத்தியக்காரி நீதானேடி'ன்னா. பேப்பரை எடுத்து அப்படியே வாசிச்சேன். 'எந்த ஊர்லயும் கிடையாதுன்னு படிச்சவரே எழுதியிருக்காரு, பாரு'ன்னேன். நம்பிட்டா."

தட்டை என் கையில் கொடுத்தார்.

"எனக்குன்னு இருந்தது சாயங்காலம் அவரு குரல்லயும் பேசுற அந்த அரைமணி நேரம்தான் தம்பி. அதுல மட்டும் நான் ஜெயிப்பேன். அந்த ஆளு சொன்னபடியே இருந்துட்டுப் போகட்டும். விட்டீங்கன்னா ஜன்னலைத் திறப்பேன்."

வெட்கமாக இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது. வாழ்நாளில் நான் எழுதிய ஒரே உண்மையான பக்கம் பொய்யென்று நிலைத்தால்தான் அந்த அம்மாளால் வாய் திறந்து பேச முடியும்.

4

முதல் முடிவு: கடிதத்தை அனுப்புகிறேன். என் பெயர் தப்பிக்கிறது, ஜன்னல் நிரந்தரமாக மூடுகிறது.

இரண்டாவது முடிவு: கிழித்துப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். நல்ல முடிவு. ஆனால் நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்களே, என்னால் அது முடியவில்லை என்று தெரிந்திருக்கும்.

மிச்சத்தை நீங்கள்தான் செய்ய வேண்டும். யாராவது கேட்டால், இந்தக் கதையும் தேறவில்லை, இப்படியொரு பெண் எந்த ஊரிலும் கிடையாது என்று சொல்லிவிடுங்கள். என்னைத் திட்டிச் சொன்னால் இன்னும் நம்புவார்கள்.